ஆர்வில் பீலின் சோக முகம்

ஆர்வில் பீலைப் போல வாய் ஓயாத ஆள் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் வேறு கிடையாது. சிங்கி இறால் பிடிக்கப் படகில் தனியாகப் போனால் இறாலோடு பேசுவான். அவனைத்தான் அமெரிக்கத் தனிமையின் முகம் என்று ஊர் உலகமெல்லாம் கொண்டாடியது.

இளவயதில் ஒருநாள் கடைவாய்ப்பல் வலி தாங்காமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கோடைக்கு வந்திருந்த ஓர் ஓவியர் அவனை உள்ளது உள்ளபடி வரைந்துவிட்டார். மறுநாள் பல்லைப் பிடுங்கியாயிற்று. படமோ நியூயார்க் போய்ப் பெரும்புகழ் பெற்றது. ‘மனிதனின் ஆறாத தனிமை’ என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பல்லைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அதன்பின் கோடைதோறும் ஓவியர்கள் வந்தார்கள். அந்த முதல் ஓவியர் பார்த்த நிஜத்தைத் தாங்களும் நேரில் பார்த்து வரைய வேண்டுமாம். அதே ஜன்னல், அதே கன்னம். “பேசாதீங்க, சிரிக்காதீங்க” என்பார்கள். ஊர் விடுதிகள் நிரம்பி வழிந்தன. ஆர்விலும் ஊருக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கிழடு தட்டினான்.

அவன் பேச்சை உட்கார்ந்து கேட்டு, விழுந்து விழுந்து சிரித்த ஒரே ஆள், உணவகம் நடத்திய வெர்னா. கணவனை இழந்தவள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்றதும் விடுதிக்காரி மாட் ஓடிவந்தாள்.

“ஏம்ப்பா, நீ பொண்டாட்டியோட சிரிச்சுக்கிட்டு இருந்தா எவன் வந்து வரைவான்? ஊர் சோத்துல மண்ணள்ளிப் போடாத!”

“இவளையும் விட்டுட்டா நான் நெஜமாவே அந்தப் படமா ஆயிடுவேன், மாட்” என்றான். மாட் வந்த வழியே திரும்பிப் போனாள்.

கல்யாணம் நடந்தது. அடுத்த கோடையில் வந்த ஓவியப் பேராசிரியர், அந்த ஜன்னலோரம் காலைக் காப்பியோடு இருவரைக் கண்டு திகைத்தார். ஆனால் படித்தவரல்லவா, உடனே சமாளித்துக்கொண்டார்.

“கொஞ்சம் தள்ளித் தள்ளி உக்காருங்க. ஒருத்தர ஒருத்தர் பாக்காதீங்க. சேர்ந்திருந்தும் தனிமை, அதுதான் இன்னைக்கு யதார்த்தம்.”

வெர்னா நாற்காலியை இழுத்து ஆர்விலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

“அய்யா, ஜன்னல் அதோ இருக்கு. வெளிய நின்னு அத வரைஞ்சுட்டுக் கெளம்புங்க.”

வரைந்தார். பாஸ்டன் கண்காட்சியில் அதற்குத்தான் முதல் பரிசு. தலைப்பு ‘தனிமை’. இருவரும் பார்க்கப் போனார்கள். வெறும் ஜன்னல், ஆளே இல்லை.

“நம்மள எங்கய்யா காணோம்?” என்றாள் வெர்னா.

“உள்ள பேசிக்கிட்டு இருக்கோம்” என்றான் ஆர்வில்.