அப்பாவின் காணியில் மரம் இல்லை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். விவசாயம் படித்தேன். மேய்ச்சல் காணிகளில் நாட்டு மரங்களை நடச்செய்யும் ஒரு திட்டத்தில் வேலை கிடைத்தது. மூதூர், கிளிவெட்டி, கட்டைபறிச்சான் பக்கத்து மாட்டுக்காரர்களைக் கூட்டி வைத்து, நிழல் இருந்தால் பால் குறையாது, கச்சான் வெக்கைக் காற்றில் புல் கருகினாலும் மரத்தில் மாடு தின்னக் குழை இருக்கும் என்று விளக்குவதுதான் வேலை. எல்லோரும் "ஓம் தம்பி, நல்ல விசயம்" என்பார்கள். மரக்கன்றுகளை வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு போய்ப் பார்த்தால் காணி மொட்டையாகவே கிடக்கும். கன்றுகள் வீட்டு வாசலில், பொலித்தீன் பையோடு, காய்ந்துபோய் நிற்கும்.

இவர்கள் எல்லோரையும்விட என்னைக் களைக்க வைத்தவர் என் அப்பா.

கிளிவெட்டிக்கு அப்பால் எங்களுக்கு ஒரு மேட்டுக்காணி இருக்கிறது. முன்பெல்லாம் வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோரப் புல்வெளிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த இடம் இப்போது அடைபட்டுவிட்டது. இரண்டு போகமும் வயலில் நெல் நிற்பதால் வருடம் முழுக்க மாடுகள் மேட்டுக்காணியிலேயே நிற்க வேண்டும். ஆடி மாதத்தில் அங்கே ஒரு குடை அளவு நிழல்கூடக் கிடையாது. வெயில் தாங்காமல் மாடுகள் கம்பியைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடும், போகிற வழியில் யாருடைய வயலிலாவது வாய் வைக்கும். வயல்காரர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்று கத்துவார். அவர் போனதும் அம்மா தொடங்குவார்: "வித்துப்போட்டுச் சும்மா இருங்கோ. இப்ப மாடுதான் உங்களை மேய்க்குது."

மரம் நட்டால் தீருகிற பிரச்சினை. அப்பாவோ ஒவ்வொரு மாரிக்கு முன்னும் கத்தியோடு போய், தானாக முளைத்த பாலை, வேம்பு, நாவல் எல்லாவற்றையும் வேரோடு கிளப்பிப் போடுவார். வீட்டு முற்றத்தைக்கூட அவர் அவ்வளவு துப்புரவாக வைத்திருந்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அந்தக் காணியைப் பற்றை மூடிவிட்டது. திரும்பி வந்தால், அளந்து எல்லைக்கல் போட்ட ஆட்கள் அதைக் காடு என்றார்கள். அப்பா காணி உறுதிப் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். "மரம் நிக்குதே, பிறகு என்ன உங்கடை காணி?" என்று ஒருவர் கேட்டதை இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார். காணி ஒருவழியாகக் கிடைத்தது. மாடு போனாலும் போகட்டும், அந்தக் காணி இன்னொரு தரம் போகக்கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் கணக்கு.

ஆனாலும் நான் விடவில்லை. ஒரு மாரியில் நானே குழி வெட்டி வேம்பும் வாகையும் நட்டு, மாடு கடிக்காமல் சுற்றிக் கம்பிக்கூடும் வைத்தேன். அடுத்த கிழமை போனேன். ஒன்றும் இல்லை. பிடுங்கிய கன்றுகள் ஒரு மூலையில் கிடந்தன. கூடுகளை மட்டும் மண் போகக் கழுவி அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கழுவி வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அப்பா?"

"நீ காலமை வேலைக்குப் போயிடுவாய். கல்லோடை வாறவங்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

"அப்பவும் இப்பிடித்தான் சொன்னவங்கள்."

கம்பிக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காணிக்காரர் நின்றார். மூதூர்க்காரர், அப்பாவின் நெடுநாள் கூட்டாளி. "மச்சான், மகன வெளிய உடாத. கல்லுக்காரன் வந்தா அவரயும் காடெண்டு அளந்துருவான். தலமுடியப் பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலியில் நின்ற பூவரசைக் காட்டினேன். "அப்ப இதையும் புடுங்குங்கோ. இதுவும் மரம்தானே."

"விசரே உனக்கு? அது வேலி."

"வேலியிலை நிண்டால் மரமில்லையோ?"

"வேலி நிண்டால் அது ஒருத்தன்ரை காணி. அதை ஆரும் காடெண்டு சொல்லேலாது."

"அப்ப காணி முழுக்க வேலி போடுங்கோ" என்று கத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

கோபத்தில் சொன்னது. அவர் போட்டார். மழை தொடங்கியதும் பூவரசிலும் கிளுவையிலும் பருத்த தடிகளாக வெட்டிவந்து, காணிக்கு நடுவே நீளமாக ஒரு வேலி, குறுக்கே இன்னொன்று. தடிகள் தளிர்த்தன. வேலிக்கு அடியில் குருவி போட்ட விதையில் பாலையும் வேம்பும் முளைத்தபோது கத்தி அங்கே போகவில்லை. கேட்டால், "வேலிக்குள்ளை முளைச்சதும் வேலிதான்" என்றார். மூதூர்க்காரரும் தன் காணியில் போட்டார். "ஒங்கட வாப்பா போட்டுட்டு நான் போடாம இரிக்க ஏலுமா? பொறகு என்ட காணிதான் காடாத் தெரியும்." அப்படியே அந்த ஒழுங்கையோரக் காணிகள் முழுக்க வேலிக்குள் வேலி வந்தது. பாலுக்காகவோ நிழலுக்காகவோ ஒருவரும் போடவில்லை. நான் தொண்டை வறளப் பேசியதெல்லாம் எங்கே போனதோ.

நாலைந்து வருடத்தில் எல்லாம் வளர்ந்து நின்றன. இந்த ஆடியில் மாடுகள் வாய்க்காலுக்கு ஓடவில்லை. வேலிகள் பிரித்த ஒரு அறையில் புல் முடிய அடுத்த அறைக்கு மாற்றினார் அப்பா. வெயில் ஏற அவை வேலியோரம் படுத்து அசைபோட்டன. அம்மா விற்கிற கதையை எடுக்கவேயில்லை.

மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் திருகோணமலையிலிருந்து வாகனத்தில் வந்து இறங்கினார். கையில் மரத்தின் சுற்றளவு எடுக்கும் அளவுநாடா. பின் இருக்கையில், "நாட்டு மர மேய்ச்சல் மாதிரிக் காணி" என்று எழுதிய பெரிய பலகை. அப்பாவின் கண் நாடாவிலேயே நின்றது.

"ஐயா, இந்த மரங்களை எப்ப நட்டனீங்கள்?"

"எந்த மரம்?"

மேலதிகாரி அண்ணாந்து பார்த்தார். பூவரசு நிழலில்தான் நின்றார். "இது."

"வேலிக்கட்டை."

"கட்டையிலை இலை இருக்குதே ஐயா."

"மழைக்கு வந்திருக்கும்."

"அப்பா, இவர் எங்கடை ஆள்" என்றேன்.

"இருக்கட்டும். நாடா வைச்சிருக்கிறார்."

மேலதிகாரி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மூதூர்க்காரரிடம் திரும்பினார். "மரமா சேர்? நம்மக்கிட்ட மாடுதான் இரிக்கி" என்றார் அவர், தன் வேம்பில் சாய்ந்துகொண்டு.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். பலகையை நட வேண்டும், படம் எடுக்க வேண்டும், நான் வாயைத் திறக்க வேண்டும். அப்பாவும் என்னைப் பார்த்தார். கந்தோர்களில் நின்றபோது அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"வேலிதான் சேர்" என்றேன்.

பலகையை என் தலையில் கட்டிவிட்டு அவர் ஏறிப் போனார். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் நின்றேன். அப்பா வந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல பலகை. நடுவேலிக்கு ஒரு படலை வேணும். எழுத்தைச் சுரண்டித் தா."