ஒன்பது வருடம் அணைக்காத பிரிண்டர்

பெயிண்ட் கம்பெனியின் பேக்கிங் அறையில் லேபிள் அடிக்கும் பிரிண்டர் ஒன்று ஒன்பது வருடமாக யாரும் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல், ‘அணைத்தால் வேலை போகும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. யாருடைய வேலை என்று எழுதவில்லை. ஒட்டியவள் லேபிள் அக்கா. போகவிருந்ததும் அவள் வேலைதான்.

முன்பு டப்பாக்களுக்குக் கையால் லேபிள் எழுத மூன்று பேர் இருந்தார்கள். மெஷின் வந்தது, இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்தது தான்தான் என்று மிச்சமிருந்த அக்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த மாதமே மின்சாரம் போய் வந்தது. வந்ததும் பிரிண்டர் வெறும் தாளாகத் துப்பியது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்ற, அக்கா டார்ச் பிடித்தாள்.

“இந்தக் கறுப்புச் சில்லு இருக்குல்ல, இது கரண்டு இருக்கிற வரைக்கும்தான் ஞாபகம் வச்சிருக்கும். லேபிள் டிசைனை இதுல ஏத்தியிருக்காங்க. கரண்டு போனா, யாரு நீன்னு கேக்கும். பக்கத்துல இருக்கிறது ஃபிளாஷ் மெமரி. ஒரு தடவை சொன்னா சாகிற வரைக்கும் மறக்காது.”

“என் மாமியார் மாதிரி,” என்றாள் அக்கா.

“அதேதான். கம்ப்யூட்டர்ல ஒரு வரி மாத்தினா டிசைன் இதுக்குள்ள போய் உக்காந்துக்கும். மாத்திடட்டுமா?”

மெஷினுக்கே எல்லாம் ஞாபகம் இருந்தால் அப்புறம் அக்கா எதற்கு?

“வேண்டாம் தம்பி. மறந்தா திரும்ப ஏத்துறது எப்படின்னு மட்டும் எழுதிக் குடுங்க. அந்த ஒரு வரியையும் எழுதிடுங்க, கிடக்கட்டும்.”

மெக்கானிக் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். மூடியைப் போடும்போது, “இந்தக் காசு மாதிரி இருக்கிற பேட்டரி தேதிக்கு. நாலஞ்சு வருஷத்துல செத்துடும். பிளக்கைப் பிடுங்காத வரைக்கும் தெரியாது,” என்றார்.

அன்றிலிருந்து அக்கா ராஜ்ஜியம்தான். யுபிஎஸ் வைத்தும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மெஷினுக்கு ஞாபகம் போகும். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்பார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, பர்ஸிலிருந்த சீட்டைப் பார்த்துப் பத்து நிமிட வேலையை ஒரு மணி நேரம் செய்வாள். நடுவில் டீ வேறு உள்ளே போகும். பேட்டரி செத்த பிறகு தேதியையும் சத்தமில்லாமல் அவளே வைத்தாள். “அக்கா இல்லன்னா கம்பெனியே இல்ல,” என்பார் மேனேஜர். கேட்கக் கேட்க அவளுக்குக் காது இனித்தது.

அப்போதுதான் மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த ஊரிலிருந்து போனில் அழுதாள். “எனக்குப் பயமா இருக்கும்மா. நீ பக்கத்துல இருக்கணும்.”

அக்கா ஒரு மாத லீவு கேட்டாள்.

“ஒரு மாசமா? நடுவுல மெஷின் மறந்துட்டா யாரைத் தேடுறது? ரெண்டு நாள் வேணா போயிட்டு வாங்க.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அன்று சாயங்காலம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சீட்டை எடுத்தாள். ஒன்பது வருடமாகத் தொடாத அந்த ஒரு வரியைக் கம்ப்யூட்டரில் அடித்து முடித்தாள்.

காலையில் மேனேஜரைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கினாள்.

“ஐயையோ, என்னக்கா பண்றீங்க!”

பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் செருகினாள். லேபிள் வந்தது. பெயர், நிறம், எடை எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. கீழே தேதி மட்டும் 2000, ஜனவரி ஒன்று. மேனேஜர் கண்ணில் அது படவில்லை. பேட்டரி விஷயத்தைச் சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

“அட, இவ்வளவுதானா!” என்று அதற்குள் அவர் சிரித்தார். “அப்ப இனிமே நீங்க எதுக்கு?”

திறந்த வாய் மூடிக்கொண்டது. லேபிளைக் கிழித்துப் பர்ஸில் போட்டாள், தேதியைச் சரிசெய்தாள், லீவுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பேத்தி பிறந்தாள். எட்டு நாள் போன் அடிக்கவே இல்லை. அக்கா அரை மணிக்கொரு தரம் அதை எடுத்துப் பார்த்தாள். தேடாமல் விட்டுவிட்டார்களே என்று வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அடித்தது.

“அக்கா! கரண்டு பில்லு குறையட்டுமேன்னு மெஷினைத் தினமும் சாயங்காலம் அணைச்சேன். இப்ப கடைக்காரங்க டப்பாவையெல்லாம் திருப்பி அனுப்புறாங்க. ரெண்டாயிரத்துல செஞ்ச பெயிண்டாம்! அப்ப நம்ம கம்பெனியே கிடையாதேக்கா! உடனே கிளம்பி வாங்க. வந்தாத்தான் விடியும்.”

உடனே கிளம்பலாம். போனால் மறுபடியும் ராணிதான், டீ வாசலுக்கே வரும். மடியில் பேத்தி தூங்கினாள். கட்டிலில் கிடந்த மகள், “போகப்போறியாம்மா?” என்றாள்.

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள். “மூடியைக் கழட்டுங்க சார். காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கடிகாரக் கடையில கிடைக்கும். மாத்திட்டுத் தேதியை வைங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா?”

“மறந்துட்டேன் சார். நீங்கதான் என் பிளக்கைப் பிடுங்கிட்டீங்களே,” என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துத் தலையணைக்கடியில் போட்டாள்.