நெருப்பை உள்ளே மூட்டச் சொன்னவர் யார்?

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! இப்படியான கட்டுரையை அமைதியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை. அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். இந்த ஒரு வருடமும் உங்களில் சிலர் வாய் மூடவில்லை. "நெருப்பு அணைஞ்ச கலியாணம், அதுதான் இப்பிடி முடிஞ்சுது" என்ற கதை சூரிச் ஓர்லிகோனில் கடைக்குப் போனாலும் கேட்கிறது, பாசலில் இருந்து யாரும் ரெலிபோன் எடுத்தாலும் கேட்கிறது. அத்தான் ராசியில்லாதவராம். அக்காவின் பிள்ளை அவரிடம் வளரக்கூடாதாம். ஆகவே அக்காவின் வாழ்க்கையை எழுதும்போது அந்தக் கலியாணத்தில் நடந்ததையும் எழுதத்தான் போகிறேன். வாசித்துவிட்டு என்னோடு கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அக்கா வடமராட்சியில், கடற்கரையை அண்டிய ஓர் ஊரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்கு அடுத்தவள். அம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம் இருந்தபடியால் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அடுப்படி அக்காவின் கைக்கு வந்துவிட்டது. சமைத்து வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படித்தார், படிப்பிலும் பின்நிற்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு, அப்பா எங்கள் இருவரையும் தன் தமையனை நம்பி இந்த நாட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெரியப்பா அப்போதே ஓர்லிகோனில் மகனோடு இருந்தார். ஆனால் எங்களை முகாமில் இருந்து எங்கடின் மலைப்பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. ஒருநாள் மேற்பார்வைக்காரி என்னைக் கண்டபாட்டுக்குப் பேசினாள். அக்கா அரைகுறை ஜெர்மனில், "என்ரை தங்கச்சியைப் பேச வேண்டாம், பேசுறதெண்டால் என்னைப் பேசு" என்று முன்னால் போய் நின்றார். அவர் அப்படித்தான்.

அத்தான் அதே ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாத மனிதர். அக்காவிடம் நேரே வந்து கேட்டார், அக்காவும் நேரே ஓம் என்றார். அப்பாவுக்கு எழுதினோம். தன்னுடைய இடத்தில் பெரியப்பா நின்று நடத்திவைக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அப்பா கேட்டார். பெரியப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தோம். பெடியன் என்ன குணம், என்ன படிப்பு, ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய முதற் கேள்வி இதுதான்: "ஆக்கள் எந்தப் பகுதி?"

எந்தப் பகுதி! குண்டுக்குப் பயந்து ஓடிவந்து, ஒரே முகாமில் ஒரே பீங்கானில் சாப்பிட்டு, வெள்ளைக்காரனின் கக்கூசை ஒன்றாகக் கழுவிக்கொண்டு, எந்தப் பகுதியென்று சாதி விசாரிக்கிற ஒரு கேள்வி! எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணால் என்னை அடக்கினார்.

அதன்பிறகு பெரியப்பா சூரிச்சில் மண்டபம் இல்லை என்றார், ஐயர் இல்லை என்றார். சரி என்று அக்கா விட்டுவிட்டார். லீவு நாட்களில் அக்கா புல் வெட்டிச் சேர்க்க உதவிக்குப் போகும் பண்ணைக்கார அம்மா ஒருவர் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும், "என்னுடைய கொட்டில் இருக்கிறதே" என்று கதவுத் திறப்பை எடுத்துத் தந்துவிட்டார். ஹோட்டல் சீசன் முடிந்து பூட்டிய கிழமை அது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் மாடுகள், மேல்தட்டு முழுக்கக் குளிர்காலத்துக்குச் சேர்த்த காய்ந்த புல், அந்த வாசம் மூக்கை நிறைக்கும். நிலத்தை நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். பழைய புல் வண்டி ஒன்றை அத்தானும் கூட்டாளிமாரும் மணவறையாக்கினார்கள். வாழைமரத்துக்குப் பதில் சோளத்தட்டை. மாவிலைக்குப் பதில் நான் வெட்டிய பச்சைக் கடதாசி. பண்ணைக்கார அம்மா தன் தாயார் பின்னிய மேசை விரிப்புகளைப் பெட்டகத்தில் இருந்து எடுத்து விரித்தார், பழைய பால் கேன்களில் தன் தோட்டத்துப் பூக்களை நிறைத்து வைத்தார். அந்தப் பூவில்தான் நான் மாலை கட்டினேன். பயத்தம் பணியாரமும் முறுக்கும் ஹோட்டல் குசினிப் பெடியள் சுட்டார்கள். கோயிலில் உதவிக்கு நின்று பழகிய அண்ணை ஒருவர் மந்திரம் சொல்ல ஒத்துக்கொண்டார். பதிவுக் கந்தோரில் எழுத்து முன்னமே முடிந்திருந்தது. எல்லாம் வீட்டுக் கைவேலை, எல்லாம் வடிவு. ஒருவரும் ஒன்றுக்கும் அந்தரப்படவில்லை.

ஓம நெருப்புக்கு அக்கா இடம் பார்த்து வைத்திருந்தார்: வெளியே முற்றத்தில், கல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். செங்கல் அடுக்கி மணலும் பரப்பியாயிற்று. காலை ரெயினில் பெரியப்பா தன் ஆட்களோடு வந்து இறங்கினார். கொட்டிலைச் சுற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு முற்றத்துச் செங்கல்லைக் கண்டார்.

"கலியாணத்து ஓமத்தை முத்தத்திலை மூட்டுறதோ? இதென்ன செத்த வீடோ? தூக்கி மணவறைக்கு முன்னாலை வையுங்கோ."

அக்கா சொன்னார்: "பெரியப்பா, மேலை முழுக்கக் காஞ்ச புல். ஒரு பொறி பறந்தாலும் காணும்."

"நீ பொம்பிளை. வாயை மூடிக்கொண்டு மணவறையிலை இரு."

அப்பாவின் இடத்தில் நிற்பவர் என்று அக்கா மணவறைக்குப் போனார். பெரியப்பாவின் மகன்தான் செங்கல்லை உள்ளே தூக்கி வைத்தான். நெருப்பு மூட்டினார்கள். நெய் விட்டதும் குப்பென்று எழும்பியது. தான் சுட்ட கேக்கோடு உள்ளே வந்த பண்ணைக்கார அம்மா அதைக் கண்டதும், "நைன்! நைன்!" என்று வேண்டாமெனக் கத்தி, கேக்கைக் கீழே போட்டுவிட்டு, மாட்டுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி ஒரே ஊற்றாக ஊற்றினார். சாம்பல் அக்காவின் கூறைச் சேலையில் தெறித்தது. அந்த மனுசி வாளியைப் பிடித்தபடி நின்று அழுதார். அவர் ஊற்றியிராவிட்டால் அவ்வளவு பேரும் கரியாகியிருப்போம், மாடுகளும் சேர்ந்து.

பெரியப்பா எழும்பினார். "அக்கினியிலை தண்ணி ஊத்தின இடத்திலை தாலி ஏறாது. எழும்புங்கோ, போவம்." அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அவரோடு வந்தவர்கள் எல்லோரும் ஸ்ரேசனுக்கு நடந்தார்கள். போகும்போது பலகாரப் பெட்டியை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

நீங்கள் பார்த்தது அவ்வளவும்தான். பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இல்லை. ஆகவே கேளுங்கள்.

அத்தான், "இண்டைக்கு வேண்டாமெண்டால் சொல்லும், நான் பொறுப்பன்" என்றார்.

"நான் பொறுக்க மாட்டன்" என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "அழாதை, கல்லைத் தூக்கு" என்றார். தானும் கூறையோடு குனிந்து செங்கல் தூக்கினார். முதலில் பார்த்து வைத்த அதே இடத்தில் நெருப்பு மூட்டினோம். தாரை வார்க்க ஆளில்லை. பண்ணைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, எங்கள் அப்பாவின் இடத்தில் நிற்பீர்களா என்று அக்கா கேட்டார். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு வந்து, சொல்லிக் கொடுத்தபடி செம்புத் தண்ணீரை வார்த்தார். தாலி ஏறும்போது மேளத்துக்குப் பதிலாகப் பெடியள் மாட்டு மணிகளைக் கழற்றி வந்து கிலுக்கினார்கள். மலை அதிர்ந்தது! அன்றைக்கு அக்கா சிரித்தது போல் ஒரு சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை. இருவரும் அந்த நெருப்பை வலம் வந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிந்து, குளிருக்குக் கைகாய்ந்துகொண்டு இருக்கும்வரை அது எரிந்தது.

அதன்பின் அக்கா சந்தோசமாக இருந்தார். மகள் பிறந்தாள். பிறகுதான் களைப்பு, காய்ச்சல் என்று தொடங்கியது. இரத்தத்தில் புற்றுநோய் என்று குர் நகர ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ராசியால் வருவதென்று அங்கே எந்த டொக்டரும் சொல்லவில்லை. அத்தான் வேலை முடிந்து ரெயின் பிடித்துப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார், திரும்பி வந்து மறுபடி வேலைக்குப் போவார். கடைசி நாட்களில் அக்காவுக்குத் தலை வாரிவிட்டவரும் அவர்தான். நாங்கள் பெயருக்கு நின்றோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த பெரியப்பா சாப்பாட்டுக்கு முன்னமே தொடங்கிவிட்டார்: "அது கலியாணமே இல்லை. பிள்ளையை எங்களிட்டை விடு." அதன்பிறகு ஆள் மாறி ஆள் ரெலிபோன். சொல்லிச் சொல்லியே அத்தானை நம்பப் பண்ணிவிட்டீர்கள். போன கிழமை நான் போனபோது பிள்ளையின் உடுப்புகள் மடித்துப் பையில் இருந்தன.

"அவையள் சொல்லுறது சரியோ தெரியேல்லை. என்னோடை இருந்து இவளுக்கும் ஏதும் நடந்தால்?" என்றார் அத்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "அக்கா உங்களோடை சுத்தி வந்தது எந்த நெருப்பை? அணைஞ்சதையோ, எரிஞ்சதையோ?"

அவர் பையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "எரிஞ்சதை" என்றார். பையைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் வைத்தார்.

அக்காவைப் பார்த்த தாதிமாருக்கும் வைத்தியருக்கும், தங்கள் லீவை விட்டுத்தந்த ஹோட்டல் நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைக்கு வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி. கொட்டிலையும் தந்து, எங்கள் உயிரையும் காத்து, அப்பாவின் இடத்திலும் நின்ற பண்ணைக்கார அம்மாவுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெரியப்பாவுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார் அத்தான். அவருக்குப் பெரிய மனது, எனக்கு இல்லை.

பிள்ளை தகப்பனோடுதான் இருப்பாள். அவளைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் தாராளமாக வரலாம், கதவு திறந்துதான் இருக்கும். இவ்வளவு காலமும் வாசலில் நின்றுகொண்டே "இப்பதான் குடிச்சனாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போன ஆட்கள் யார் யாரென்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இனி அது சரிவராது. உள்ளே வந்து இருங்கள். அத்தான் தேத்தண்ணி போட்டுத் தருவார். அவர் கையால் அதை வாங்கிக் குடியுங்கள். குடித்த பிறகு பிள்ளையைத் தூக்கலாம்.