சத்தத்துக்கு ஒரு சுத்தப் பிரதி

குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்தில் ஒலியின் அளவு ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. பகல் நேரம் என்பது காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. போத்தனூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் பட்டறை வைத்திருந்தவரின் ஏர் கம்ப்ரசருக்கு மட்டும் அது தெரியவில்லை.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அது நின்றது. காலை எட்டு மணிக்கு உறுமத் தொடங்கினால், மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஓயும். பிறகு மாலை ஆறு வரை ஒரே சுருதி. என் மனைவிக்கு உட்காதில் கோளாறு, அதனால் தலைசுற்றல். மருத்துவர் மாத்திரையும் அமைதியும் எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை கடையில் கிடைத்தது. சித்திரையில் ஒரு நாள் அவள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சத்தியமங்கலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பினாள்.

"சத்தம் நின்னா வாரேனுங்க," என்றாள். "நிக்காட்டி நீங்க அங்க வந்துருங்க. என்னால இனி இந்த ஊட்டுல இருக்க முடியாதுங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எனக்கு விதித்த முதல் நிபந்தனை அது. வீட்டை விட்டுப் போய்த் தங்கை வீட்டில் ஒண்டிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் இல்லாத வீட்டில் காலையும் மாலையும் உப்புமாவே தின்றுகொண்டு இருப்பதையும்தான்.

நான் பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். வாய்மொழிப் புகாருக்குப் பதிவு மதிப்பு கிடையாது என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே பக்கத்துப் பட்டறைக்குப் போய்ச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உரிய அலுவலகத்துக்கு மனு எழுதினேன். ஆதாரம் இணைக்க வேண்டும் என்பதால், சுவரோரம் நின்று, செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்தேன். எடுக்கும்போதே விளக்கமும் சொன்னேன்: "மனுதாரராகிய நான் எனது வீட்டின் மேற்குச் சுவர் அருகே நிற்கிறேன். இனி வரும் அரை நிமிடம் நான் பேசமாட்டேன். சத்தத்தை மட்டும் கேட்கவும்."

போட்டுப் பார்த்தபோது என் வாய் அசைவதுதான் தெரிந்தது. பேச்சு முழுக்க கம்ப்ரசருக்குள் போயிருந்தது. இதை அப்படியே அனுப்பலாமா? அடித்தல் திருத்தலோடு ஒரு தாளை நான் மேலதிகாரி மேசைக்கு அனுப்பியதில்லை. எந்த வரைவுக்கும் சுத்தப் பிரதி ஒன்று எடுத்துத்தான் கையெழுத்துக்கு வைப்பேன். வீடியோவுக்கும் ஒரு சுத்தப் பிரதி எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்று இருந்தது. திறந்தால், கோட்டுக்கு மேல் கோடாகப் பட்டைகள். படத்துக்கு ஒரு பட்டை, ஒலிக்கு ஒரு பட்டை என்று புரிந்துகொள்ளவே முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் ஆடியோ எஃபெக்ட்ஸ் என்ற பட்டியலைக் கண்டுபிடித்தேன். எங்கள் அலுவலகத்தில் படிவங்களுக்கு எண் உண்டு, எந்தப் படிவம் எதற்கு என்று பின்னட்டையில் குறிப்பும் உண்டு. இங்கே எதுவும் கிடையாது. ரிவெர்ப் என்பதை இழுத்துவந்து ஒலிப்பட்டை மேல் போட்டேன். நான் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து மொய் வாசிப்பதுபோல் கேட்டது. பிட்ச் என்பதைத் தொட்டதும் என் குரல் பெண் குரலாயிற்று. பட்டியலில் கம்ப்ரசர் என்றுகூட ஒன்று இருந்தது. பக்கத்தில் இருப்பதே போதும் என்று அதைத் தொடவில்லை.

கடைசியில், இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடைத்தது. ஒரு நீளக் கோடு, அதில் நகர்த்த ஒரு குமிழ். என் திட்டம் எளிமையானது. என் பேச்சு கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் கொஞ்சமாகக் குறைப்பது, அதிகாரி முகம் சுளிக்கும் அளவுக்கு மிச்சம் வைப்பது. குமிழைக் கால்வாசி நகர்த்தினேன். பேச்சு இலேசாகக் கேட்டது, சத்தமும் கேட்டது. பாதி நகர்த்தினேன். பேச்சு தெளிந்தது, சத்தம் அப்படியே இருந்தது. மென்பொருளுக்கே கம்ப்ரசரைக் கண்டால் பயமோ என்னவோ என்று குழம்பிப்போய், குமிழைக் கோட்டின் கடைசிவரை தள்ளினேன். அப்போதுதான் நான் நினைத்த பக்குவம் வந்தது. என் குரல் கணீரென்று இருந்தது. நான் பேசாமல் நின்ற அரை நிமிடத்தில் கம்ப்ரசர் கச்சிதமாக உறுமியது.

பென் டிரைவில் ஏற்றி, மனுவோடு இணைப்பு ஒன்று என்று குறித்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதியை வாட்ஸ்அப்பில் மனைவிக்கும் அனுப்பினேன், நான் சும்மா இருக்கவில்லை என்று தெரியட்டும் என்பதற்காக.

அன்று மாலையே பதில் வந்தது. "பாத்தேனுங்க. வெள்ளிக்கிழமை வாரேன்."

பணிக்காலத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பும் இவ்வளவு சீக்கிரம் யாரையும் அசைத்ததில்லை. என் குரலைக் கேட்டு மனம் இளகிவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று பச்சைநாடான் பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பெட்டியை இறக்கியவள், கேட்டைத் திறக்காமல் நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன சத்தம்?"

"அந்தச் சத்தந்தான்."

"நின்னுபோச்சுன்னு படம் அனுப்புனீங்களே?"

"நின்னுபோச்சுன்னு எங்க சொன்னேன்? சத்தத்தக் கேளுன்னுதானே சொல்லியிருக்கேன்?"

"கேட்டேன். நீங்க பேசறதத் தவிர ஒண்ணுமில்ல. சும்மா நின்னுட்டிருந்தீங்க. நம்மூட்டுல இத்தன அமைதியான்னு எந்தங்கச்சிகூடக் கேட்டா."

சத்தத்தில் அவளுக்குத் தலை சுற்றும் என்று உள்ளே கூட்டிப்போய் ஜன்னல்களை அடைத்தேன். மென்பொருளின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவள் செல்போனில்தான் கோளாறு என்றேன். அவள் பட்டறைச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தாள். கம்ப்ரசர் ஓய்ந்ததும், என் லேப்டாப்பிலேயே போடச் சொன்னாள். போட்டேன். "சத்தத்தை மட்டும் கேட்கவும்" என்றது என் குரல். பிறகு அரை நிமிடம் நான் விறைப்பாக நின்றேன். எங்கோ ஒரு காகம் இரண்டு முறை கரைந்தது. அவ்வளவுதான்.

எடிட்டிங் செய்த மூன்று நாளும் நான் கேட்டது லேப்டாப்பின் கம்ப்ரசரை அல்ல, ஜன்னல் வழியாக வந்த உண்மையான கம்ப்ரசரை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புகாருக்கு இருந்த ஒரே ஆதாரத்தை நானே துடைத்துச் சுத்தமாக அனுப்பி, ஒப்புகையும் வாங்கி வைத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பட்டறைத் தம்பிகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"மனு நிலுவையில இருக்கறப்ப எதிர்மனுதாரர்கிட்டப் பேசறது முறையில்ல."

"இதுக்கு மேல எங்கிட்ட முறை பேசாதீங்க," என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். மனுவின் நகலோடு நானும் பின்னால் போனேன்.

பட்டறைக்காரர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார். நாற்பது வயதிருக்கும். "வாங்கம்மா. கொஞ்ச நாளா உங்களக் காணமேங்க?"

"உங்க கம்ப்ரசருக்குப் பயந்து ஊருக்குப் போயிட்டனுங்க தம்பி. எனக்குக் காதுல தொந்தரவு. சத்தங்கேட்டா தல கிறுகிறுன்னு சுத்துது."

"அய்யய்யோ! அய்யா ஒண்ணுமே சொல்லலீங்களே. போன வாரங்கூடச் செவுத்தோரம் நின்னு படம் புடிச்சாருங்க. பட்டறையப் பத்தி நல்லதா ஏதோ போடறாரு போலன்னு நான் சட்டையெல்லாம் மாத்திட்டு நின்னனுங்க."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மனு நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"பின்னால தெக்கு மூலையில எடமிருக்குதுங்கம்மா. பைப்பு நீளமாப் போடோணும். ஒரு நாலு நாள் பொறுத்துக்குங்க, தூக்கி வெச்சுப்போடறேன்."

நாலு நாள் என்றது ஒன்பது நாளாயிற்று. அதுவரை அவள் பெட்டியைத் திறக்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் மேலாக எடுத்துக்கொண்டாள். பத்தாம் நாள் காலை எட்டு மணிக்குத் தொலைவில் ஒரு முனகல் மட்டும் கேட்டது. அவள் சேலைகளை எடுத்து பீரோவில் அடுக்கினாள்.

மனுவைத் திரும்பப் பெறுவதா, திருத்திய ஆதாரம் அனுப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. திருத்திய ஆதாரம் அனுப்பச் சத்தம் இல்லை. திரும்பப் பெறுவதென்றால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை எந்த வாசகத்தில் எழுதினாலும் நன்றாக இல்லை. நான்கு வரைவுகள் எழுதிக் கிழித்தேன்.

அதற்குள் அலுவலகமே முந்திக்கொண்டது. "பார்வையில் காணும் மனுவுடன் இணைக்கப்பட்ட காணொளி பரிசீலிக்கப்பட்டது. மனுதாரர் குறிப்பிடும் சத்தம் ஏதும் அதில் இல்லை. களஆய்விலும் அவ்வாறே அறியப்பட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது." மேல்முறையீடு செய்ய ஒரு வரி கிடைக்காதா என்று மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. அன்று ஆடி ஒன்று என்பதால் எங்கள் பக்கத்து வழக்கப்படி வாசலில் தேங்காய் சுட்டுக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க வந்திருக்குது?" என்று கேட்டாள். "சத்தமே இல்லைன்னு உத்தரவு போட்டிருக்காங்க," என்றேன்.