காய்ந்த கிணறு குடித்த வெள்ளம்

சபையாரே, என் கொழுந்தனை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆனாலும் அவனை விட்டுவிட்டு இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

எமர்ஜென்சி முடிந்த வருடம் நானும் என் கணவரும் ஞானஸ்நானம் எடுத்தோம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊர்க் கிணற்றில் நான் குடம் வைக்கக் கூடாது என்று முதலில் குதித்தவன் கொழுந்தன்தான். சரி போடா என்று எங்கள் நிலத்திலேயே, வீட்டுக்கு மேல்புறமாக, பெரிய கிணறு வெட்டினோம். பாறைதான் வந்தது. தண்ணீர் வரவில்லை.

"இன்னா அண்ணி, உன் அல்லேலூயா கிணத்துல மீன் கீதா?" என்று தினமும் கேட்பான். மூடிவிடலாம் என்றார் கணவர். நான் விடவில்லை.

படப்பையிலிருந்து சைக்கிளில் வரும் போதகர் ஒருநாள் வேதத்தின் கடைசிப் பகுதியை விளக்கினார். ஒரு பெண்ணைத் துரத்தும் வலுசர்ப்பம், அவளை அடித்துக்கொண்டு போக வாயிலிருந்து ஆற்றையே கக்குகிறது. பூமி வாய் திறந்து அதைக் குடித்துவிடுகிறது.

"பாம்பு வாய்ல ஆறு வருமா ஐயா?" என்றேன்.

"அது அடையாளம்மா. சாத்தானோட பேச்சுதான் அந்த வெள்ளம். உன் விசுவாசத்தை அடிச்சிகினு போவத்தான் அது வருது."

எனக்கு விளங்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. கணவர் கால் முறிந்து கட்டோடு படுத்திருந்தார். மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி வேலை கொழுந்தனுடையது. நடுப்பகலில், வாய்க்கால் கரையை எங்கள் வீட்டுப் பக்கமாக வெட்டிவிட்டான் பாவி. எங்களுடையது மண்சுவர் வீடு. தண்ணீர் உள்ளே ஏறி, சுவர் கரையத் தொடங்கியது. கணவரை என்னால் தூக்க முடியவில்லை.

கரைமேல் நின்று கத்தினான்: "அந்தப் புஸ்தகத்தைத் தண்ணில போடு அண்ணி! இப்பவே அடைச்சிடறேன்!"

வேதாகமத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். போட்டால் கணவர் பிழைப்பாரே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் வருவது வெறும் ஏரித் தண்ணீர். என்னை அடித்துக்கொண்டு போக வந்த ஆறு, அவன் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"போட மாட்டேன்டா!" என்று அலறினேன். வேதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆண்டவரே, பூமியைத் திறவும்!" என்று கதறினேன்.

கிணற்றைச் சுற்றி நாங்கள் குவித்திருந்த மண்மேடுதான் அதுவரை வெள்ளத்தை வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அது அப்படியே சரிந்தது. வெள்ளம் மொத்தமும் திரும்பி, காய்ந்த கிணற்றுக்குள் இடி மாதிரி விழுந்தது. அது நிரம்புவதற்குள் வயல்காரர்கள் ஓடிவந்தார்கள். "எங்க பயிருக்கு வர்ற தண்ணியையாடா வெட்டிவுட்ட?" என்று அவனை ஏசிக்கொண்டே கரையை அடைத்தார்கள். கணவரைத் தூக்கி வெளியே கிடத்தியதும் அவர்கள்தான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த கோடையில் ஊர்க் கிணறு வற்றியது. எங்கள் கிணற்றில் தண்ணீர் நின்றது. ஒரு காலையில் கொழுந்தனே குடத்தோடு வந்து தலைகுனிந்து நின்றான். மீன் இருக்கிறதா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆண்டவர் அதை அடக்கினார். கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

சபையாரே, உங்கள்மேல் யார் என்ன பேச்சைத் திறந்துவிட்டாலும் நம்பியிருங்கள். காய்ந்து கிடக்கிறதே என்று உங்கள் கிணற்றை மட்டும் மூடிவிடாதீர்கள்.