நசுக்கின வாழைக்காய்

என் கொழுந்தனார் கப்பலில் சமையல்காரராக இருந்தார். லீவில் ஊருக்கு வரும்போது மற்றவர்கள் மாதிரி டேப்ரெக்கார்டர், சென்ட் பாட்டில் எல்லாம் கொண்டுவர மாட்டார். புதுசாக ஏதாவது ஒரு பலகாரம் கற்றுக்கொண்டு வருவார். அந்தத் தடவை அவர் கற்றுக்கொண்டு வந்தது வாழைக்காய்.

கரீபியன் கடல் என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே ஒரு தீவில் சரக்கு இறக்க நின்றபோது, துறைமுகத்து வாசலில் ஒரு பொம்பளை இதைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தாளாம். ஊர்ப் பையன்களுக்குக் கரீபியன் என்றால் விளங்கவில்லை. வெஸ்ட் இண்டீஸ் என்றதும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

நமக்கு வாழைக்காய் என்றால் வறுவல், பொரியல், மாவில் தோய்த்த பஜ்ஜி. அவர் மாவே தொட மாட்டார். மொந்தன் காயைத் தோல் சீவி, கட்டைவிரல் கனத்துக்கு நறுக்கி எண்ணெயில் போடுவார். அரை வேக்காட்டில் எடுத்து, சூடு இருக்கும்போதே பித்தளைச் சொம்பின் அடியால் ஒரே அழுத்து. அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். பூண்டு தட்டிப்போட்ட உப்புத் தண்ணீரில் அதை ஒரு முக்கு முக்கி மறுபடியும் எண்ணெயில் போடுவார். தண்ணீர் பட்டு எண்ணெய் வெடிக்கும், நான் ஓடிப்போய் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். வெந்து வந்ததும் ஒவ்வொரு துண்டிலும் சொம்படியின் வட்டம் பதிந்திருக்கும். ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது.

தெருவில் எல்லாருக்கும் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. எனக்குச் சின்னவள், என்னை அக்கா என்பாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, பஜ்ஜிய எரும மிதிச்சா மாரி கீது” என்றாள். சொல்லிவிட்டு ஆறு துண்டு தின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. எங்கள் சனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனியாக ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு, சாலைகளை மறிப்பது என்று பேச்சு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை, நெல் அரைக்கிற மில்லும் மூடிக் கிடந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் ரோட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. வராத வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரில் யாரும் போகக் கூடாது என்றும் பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கரும்பு வண்டி கவிழ்ந்து கால் முறிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முன்னறையில் படுத்திருந்தார். நடக்க முடிந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பார். மீதி இருந்த ஆண்பிள்ளை கொழுந்தனார் ஒருவர்தான். அவர் பம்பாயில் கப்பல் ஏறவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ரோட்டில் நின்று போலீஸ் பிடித்து, பெயரில் ஒரு கேஸ் எழுதிவிட்டால் பாஸ்போர்ட் போய்விடும், அப்புறம் கப்பலை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். ஆனாலும் ஒரு மணி நேரமாவது போய் நின்றுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். என் மாமியார் வாசற்படியில் கையை விரித்து நின்றுவிட்டார். கூட்டம் முடிந்து ஆட்கள் வந்து கேட்டபோது, பிள்ளை மறியலுக்கு முந்தின கடைசி பஸ்ஸில் பம்பாய்க்குப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டார். கொழுந்தனார் உள்ளே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை அடுக்கிய அறையில் இருந்தார்.

ரோடு திறக்கும் வழியாகத் தெரியவில்லை. மலைக்குமேல் மட்டும் மறியல் இல்லை என்று கேள்விப்பட்டோம். இருட்டியதும் வயல் வழியாக அடிவாரம் போய், விடியும்போது மலையேறி, வெள்ளிமலையில் ஜீப் ஏதாவது பிடித்து அந்தப் பக்கம் சேலத்துக்கு இறங்கிவிடுவது என்று அண்ணன் தம்பி இருவரும் பேசி முடித்தார்கள். வழியில் வாங்கித் தின்ன ஒன்றும் கிடைக்காது. வீட்டிலும் அரிசி அடிப்பானைக்கு வந்துவிட்டது. கொல்லையில் ஒரு மொந்தன் தார் இருந்தது. அதையே போட்டுக் கட்டிக்கொடு என்றார் மாமியார்.

மத்தியானம் ஆண்பிள்ளைகள் எல்லாரும் ரோட்டில் இருந்த நேரமாகப் பார்த்து அடுப்பு மூட்டினேன். எங்கள் அடுப்படி, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் தெரியும், அதனால் கொழுந்தனார் அங்கே வரக்கூடாது. நான் முதல் வேக்காடு எடுத்துத் தட்டில் வைத்து அறைக் கதவை லேசாகத் திறந்து உள்ளே தள்ளுவேன். உள்ளே அவர் சொம்பால் நசுக்கி, பூண்டுத் தண்ணீரில் முக்கித் திருப்பித் தள்ளுவார். சொம்பு தரையில் மோதுகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். எண்ணெய் வெடித்துக் கையில் தெறித்தது. வாயைத் திறக்காமல் நின்றேன்.

கடைசி ஈடு எடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரியின் குரல் கேட்டது. நிறைமாசக்காரி, அவள் வீட்டில்தான் இருப்பாள் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவள் புருஷன்தான் வீடு வீடாக ஆள் கூப்பிடுகிறவர்.

“அத்த, இன்னா போட்டுக்கினு கீறீங்க? வாசன இங்க வரைக்கும் வருது.”

மாமியார் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு நாள் முன்னால் அவள் கேட்டபோது, எங்களுக்கு இது போட வராது, போடுகிறவன்தான் ஊருக்குப் போய்விட்டானே என்று இதே மாமியார்தான் சொல்லியிருந்தார்.

பிள்ளைத்தாச்சியின் மூக்கில் ஏறிய வாசனைக்குப் பங்கு கொடுக்காவிட்டால், பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதில் மாமியாருக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பெற்ற பிள்ளை உள்ளே ஒளிந்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி பிள்ளை வயிற்றில் இருக்கிறது. மாமியார் எவர்சில்வர் கிண்ணத்தில் நாலு துண்டு போட்டு, மேலே ஒரு வாழையிலைக் கிழிசலை மூடிச் சுவருக்குமேல் நீட்டினார். அவள் இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மாமியார் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போதே கிளம்பச் சொல்லிவிடலாமா என்று முன்னறையிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். பட்டப்பகலில் வயலில் இறங்கினால் ரோட்டிலிருந்து பார்த்துவிடுவார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை.

கொஞ்ச நேரத்தில் கிண்ணம் சுவர்மேல் வந்தது. வாங்கிப் பார்த்தேன். கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. கொடுத்தனுப்பின பாத்திரத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கல் உப்பாவது போட்டுத்தான் வரும். அவளும் அதுவரை வெறுங்கிண்ணம் அனுப்பினதில்லை. இனிமேல் உங்கள் வீட்டோடு ஒன்றும் இல்லை என்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

அதே நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். அவள் புருஷனும் கூட நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். சாயங்காலத்துக்கு ரோட்டில் ஆள் போதவில்லையாம். நான் ஒரு முறம் மல்லாட்டையை எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். தலை நிமிரவில்லை.

“பெரிம்மா, தம்பி நெஜமாவே கெளம்பிட்டானா?” என்றார் அவள் புருஷன்.

“பூட்டாம்பா. இன்னேரம் பம்பாயி போய்ச் சேந்திருப்பான்.”

“எண்ண வாசன தெரு மொனைக்கு வருது. விருந்தா?”

மாமியார் வாயைத் திறக்குமுன் அடுத்த வீட்டு வாசலிலிருந்து பதில் வந்தது. இடுப்பில் கை வைத்து அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்குத்தான். வாயி நமநமன்னு இருந்துது. பஜ்ஜி போட்டுக் குடுங்கத்தன்னு நான்தான் கேட்டேன். அதுக்கும் ஊர்க் கூட்டத்துல கேக்கணுமா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நாமெல்லாம் ரோட்டுல காயறோம், உன் பொண்டாட்டி பஜ்ஜி துன்னுக்கினு கீது என்று ஒருவர் கேலி செய்தார். அவள் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னிடம், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் அண்ணி என்றார்.

எங்கள் வீட்டில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தப் பித்தளைச் சொம்பில்தான். சொம்பு உள்ளே இருந்தது. நான் முறத்தை வைத்துவிட்டு எழுந்தேன். முதுகை எடுத்ததும் கதவு லேசாக அசைந்தது. கையில் கிடைத்தது சுவர்மேல் வந்த அந்தக் கிண்ணம். அதில் மொண்டு கொடுத்தேன். அவர் பாதி குடித்தார். நிறுத்தினார். கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு என்னை, எனக்குப் பின்னால் கதவை, மறுபடி கிண்ணத்தை. மீதியையும் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

“சரி, வாங்க. அடுத்த வூட்டப் பாப்போம்.”

போய்விட்டார்கள். நான் திரும்ப உட்கார்ந்தபோது முறத்தில் இருந்த பருப்பும் தொலியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எதுவென்று கண்ணுக்குத் தெரியவில்லை.

இருட்டியதும் கொழுந்தனார் துணி மூட்டையோடு கொல்லை வழியாக இறங்கினார். அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மாவிடம் பேசவில்லை. என்னிடம் மட்டும், நான் நிக்க வேண்டிய எடத்துல எவன் நிக்கிறானோ அண்ணி, என்று சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸ் விடிகாலையில் வந்தது. ரோட்டில் இருந்தவர்களையும் வீட்டில் தூங்கினவர்களையும் வேனில் ஏற்றினார்கள். அடுத்த வீட்டுக்காரரை அடித்து இழுத்துக்கொண்டு போனதை அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் காலைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நானும் மாமியாரும் மாறி மாறி அவளோடு படுத்துக்கொண்டோம். அவள் அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் புருஷன் ஜெயிலில் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி கையிலிருந்து வாங்கி, என் மாமியார் முதலில் விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் காதைத்தான் பார்த்தார். இரண்டு காதும் சுத்தமாக இருந்தன. அப்போதுதான் மாமியார் அழுதார்.

கொழுந்தனார் கப்பல் ஏறிவிட்டார் என்று தகவல் வந்து வெகுநாள் கழித்து, கேஸில் ஜாமீன் கிடைத்து அடுத்த வீட்டுக்காரர் வந்தார். இளைத்து, தாடியோடு இருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். ஏதாவது போட்டுக் கொடு என்று மாமியார் என்னிடம் சொன்னார். அதற்குள் அவரே, அந்த நசுக்குன வாழக்கா போடுங்க அண்ணி, என்றார்.

அவர் குழந்தையின் கையைப் பிடித்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே சொன்னார்.

“அன்னிக்குக் குடுத்த தண்ணியில பூண்டு வாசன. பஜ்ஜிக்கு எவ பூண்டு போடுவா பெரிம்மா?”

என் வீட்டுக்காரர், தெரிஞ்சுக்கினே ஏண்டா போன, என்று கேட்டார்.

“கதவத் தொறந்திருந்தா அவனுங்க வுட்டிருக்க மாட்டானுங்க. ஒரு ஆளு கம்மியாப் போனா ரோடு ஒண்ணும் தொறந்துடாதுண்ணே. கோவம் இல்லேன்னு சொல்லல. உள்ள கம்பி எண்ணும்போதுலாம் அவன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துது.”

பிற்பாடு ஒதுக்கீடு வந்தது. அந்தக் குழந்தையும் அதில் படித்தது, எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் படித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆள் போகவில்லை என்று அடுத்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருநாளும் சொல்லிக்காட்டினதில்லை.

அவர் வந்து கேட்ட அன்றைக்கு நான் முதல்முறையாகச் சொம்பை எடுத்து நானே நசுக்கினேன். பலம் எவ்வளவு கொடுப்பது என்று தெரியவில்லை. பாதி உடைந்து பிய்ந்துவிட்டது. எண்ணெய் வெடித்தபோது நகராமல் நின்றேன். தட்டில் வைத்துக் கொடுத்ததை அவர் எடுத்துப் பார்த்தார். சொம்பின் வட்டம் கோணலாக விழுந்திருந்தது.

“கப்பல்காரன் கை வரலியே அண்ணி,” என்று சொல்லிவிட்டுத் தின்றார். மீதியைப் பெண்டாட்டிக்குக் கேட்டார். அதே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அது சுவர்மேல் வந்தபோது அதில் ஒரு பிடி முருங்கைக்கீரை இருந்தது.