கருங்கோட்டைக்கு ஸ்ரீதேவி போட்ட மார்க்

பாலசமுத்திரத்தில் இன்று ஸ்ரீதேவியைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அந்த டூப்பு வீடியோ பொண்ணா?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களின் வாயில் மண் விழ. அவள் ஆடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். என் பெயர் இந்திராணி. அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். சித்தூரில் அவள் வேலை செய்யும் ஜூஸ் ஃபேக்டரியில்தான் நானும் வேலை செய்கிறேன்.

ஜூஸ் ஃபேக்டரி என்பது பேருக்குத்தான். மாம்பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து அனுப்புகிற இடம் அது. பழம் பெல்ட்டில் உருண்டு வரும். இரண்டு பக்கமும் நின்று, அழுகலைப் பொறுக்கி, காம்பையும் கறுத்த இடத்தையும் கத்தியால் சீவி விடுவது எங்கள் வேலை. ஆனி மாதம் டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும்போது பெல்ட்டை நிறுத்தவே கூடாது. சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தியவள் அன்று முழுவதும் திட்டு வாங்குவாள். அதனால் எங்களில் யாரும் அதைத் தொடுவதில்லை. பழம் சிக்கினால் ஓடுகிற பெல்ட்டிலேயே கையை விட்டு எடுப்போம்.

மூன்று சீசனுக்கு முன்னால் ஸ்ரீதேவியும் அப்படித்தான் கையை விட்டாள். உருளைக்கும் சங்கிலிக்கும் நடுவே அவள் வலது கை போனது. வேலூருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். தைத்த டாக்டர் கெட்டிக்காரர், அதுவே வினையாகிவிட்டது. கை பார்க்க முழுசாக இருக்கும். ஐந்து விரலும் இருக்கும். ஆனால் மூன்று விரலில் உணர்ச்சி இல்லை, எதையும் பிடிக்க முடியாது. சுடு சோற்றில் கை வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று சமையலறையில் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அதற்குப் பிறகு அவளை உட்கார்ந்த வேலைக்கு மாற்றினார்கள். டிரம்மில் லேபிள் ஒட்ட வேண்டும், இடது கையே போதும். பெல்ட் பக்கம் மட்டும் அவள் வரமாட்டாள். அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டாலே அவள் முகம் வெளிறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் தம்பி கிஷோர் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். உடன் வேலை செய்தவன் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டியை அவன்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தான். இரண்டு நாள் ஆடிவிட்டு, பொறுமையில்லாமல் மூலையில் போட்டுவிட்டான். சீசன் இல்லாத மாதங்களில் வீட்டில் சும்மா இருந்த ஸ்ரீதேவி அதை எடுத்தாள். இரண்டு கையால் பிடிக்க வேண்டிய ரிமோட்டை மடியில் மல்லாக்க வைத்தாள். வலது பக்கத்துப் பட்டன்களின் வேலையையெல்லாம் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். விளையாட்டில் வரும் ஆளை உருண்டு தப்பிக்கவைக்கிற பட்டனை மட்டும் வலது உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்துவாள். இதைப் பழகவே அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

அந்த கேமுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, என் வாயில் நுழையாது. அவள் கருங்கோட்டை என்பாள். ஒரு இளவரசன், அவன் நாட்டைப் பிடுங்கிக்கொண்ட மந்திரவாதி, நடுவே எலும்பு மனிதர்களும் பேய்களும் நிறைந்த கோட்டை. எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு தினமும் போய் உட்கார ஆரம்பித்தேன்.

"எலும்புக்காரன் கத்திய தூக்கறான் பாருக்கா. தூக்கி ஒரு மூச்சு நிக்கறான். அப்பறம்தான் வெட்டறான். அந்த ஒரு மூச்சுதான் நமக்கு. அதுக்குள்ள உருண்டுட்டா அடி நம்ம மேல வுழாது."

"இன்னாத்துக்குடி சொல்லிட்டு அடிக்கறான்?"

"அதான்க்கா நாயம். நம்ம பெல்ட்டு எங்க சொல்லிச்சு?"



கிஷோர்தான் அவளை யூடியூபில் பேசச் சொன்னான். திரையில் விளையாட்டு ஓடும், பின்னால் அவள் குரல். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். திருத்தணி, அரக்கோணம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் பார்த்தார்கள். ஒவ்வொரு கேமுக்கும் மூன்று மார்க் போடுவாள்: கதைக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, ஆள் வளர்ச்சிக்கு, அதாவது நாம் ஆட்டுகிற ஆள் பலமாகிற விதத்துக்கு, ஒன்று.

கருங்கோட்டையின் கதைக்கு அவள் போட்டது பத்துக்கு நாலு. முதல் அத்தியாயத்தில் இளவரசனின் கை வெட்டுப்படுகிறது. இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு கிழவி அவனுக்கு நெருப்புக் கக்கும் இரும்புக் கை கொடுத்துவிடுகிறாள். அதற்கு இவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கை பூட்டவன் மறுநாள் சோறு எப்டி துன்னான்? சட்ட எப்டி போட்டான்? அத்த காட்டவே இல்ல. கத எழுதனவருக்கு கை நல்லா கீது போல."

சண்டைக்கு ஒன்பது கொடுத்தாள். எதிரி எவனும் ஏமாற்றி அடிப்பதில்லை, அடி வாங்கினால் தப்பு நம்முடையதுதான் என்றாள். ஆள் வளர்ச்சிக்கு ஐந்து.

"ஒருத்தன கொன்னா பலம் கூடுது, இன்னொருத்தன கொன்னா உயிர் கூடுது. கூடிக்கினே போனாதான் வளர்ச்சியா? கொறஞ்சி போனவன் அத்த வெச்சிக்கினே பொழைக்கிறானே, அது வளர்ச்சி இல்லியா?"

இப்படிப் பேசுகிறவளை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவள் அம்மாவுக்கே தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பயந்தபடியே ஆனது. வீடியோவின் கீழே ஒருவன் எழுதினான்: தம்பி ஆடுறான், அக்கா வாய் மட்டும் பேசுது. அவ்வளவுதான், ஆளாளுக்கு அதையே எழுத ஆரம்பித்தார்கள். பெண் பிள்ளை கோட்டைக் காவலனை ஜெயிப்பாளா என்றார்கள். கோட்டைக் காவலன் என்பவன் அந்த விளையாட்டிலேயே கடைசியாக வருகிற பெரிய ராட்சசன். ஸ்ரீதேவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைவில் ஆடிக் காட்டுவதாக அறிவித்துவிட்டாள்.

அவள் அம்மா வெங்கடம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மூஞ்ச காட்டிக்கோ. கைய மட்டும் காட்டாத. வெள்ளிக்கெழம நகரியிலர்ந்து பொண்ணு பாக்க வராங்க."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பெண்ணுக்கு உடம்பில் ஒரு குறை இருந்தால், தாலி ஏறும்வரை வீடே சேர்ந்து அதை மறைக்கும். ஸ்ரீதேவியைப் பார்க்க யார் வந்தாலும் காபித் தட்டை இடது கையில் ஏந்தி, வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்ளப் பழக்கியிருந்தார்கள். லைவிலும் மடிமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். முகமும் தோளும் மட்டும் தெரிந்தன. அன்று மட்டும் அந்தக் கையைக் காட்டியிருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது. வெங்கடம்மாமேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

கோட்டைக் காவலனை அவள் ஓர் அடிகூட வாங்காமல் கொன்றாள். நானும் கிஷோரும் கத்தினோம். ஆட்டத்தோடு அவள் கண்ணும் தோளும் அசைந்ததைப் பார்த்து, சந்தேகப்பட்டவர்களே மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அவள் வியர்த்துப்போய், வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எங்கள் ஃபேக்டரியில் மூட்டை ஏற்றும் கன்னையா நல்ல மனுஷன். அவர்தான் அந்த வீடியோவை ஃபேக்டரி வாட்ஸப் குரூப்பில் போட்டார். "நம்ம லேபிள் பாப்பா, எல்லாரும் பாருங்க" என்று கீழே கைதட்டும் பொம்மைகளும் போட்டிருந்தார். மறுநாள் காலையில் மேனேஜர் நாகபூஷணம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தனியாகப் போக பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நாகபூஷணம் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பழம் குவிந்து கிடந்தது, பெல்ட்டில் நிற்கப் பெண்கள் போதவில்லை, மேலிடத்தில் அவருக்கும் ஏச்சு. போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு எங்கள் பக்கம் திருப்பி, தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார்.

"ஏமி ஸ்ரீதேவி, இவ்ளோ வேகமா ஆடறே. செய்யி பாகுந்தி கதா? கை நல்லாத்தானே கீது? நாளையிலேருந்து பெல்ட்டுக்கு வா."

"சார், எல்லாம் எடது கைலதான் சார். வலது கைய சும்மா அடியில வெச்சி அமுத்தறேன்."

"அமுத்தற கை கத்தி புடிக்காதா? மேனேஜ் பண்ணிக்கோ."

அவள் உண்மையைச் சொன்னாள், அது எடுபடவில்லை. யோசிக்க மறுநாள் காலைவரை நேரம் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் வலது கையைப் பார்த்தேன். அந்தக் கைக்குப் பெல்ட்டில் எது பட்டாலும் தெரியாது. உருளை கடித்தால்கூடத் தெரியாது. தெரியும்போது கை இருக்காது. அதனால் நான்தான் சொன்னேன், இன்னொரு முறை அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

"தம்பி ஆடனான்னு சொல்லிடுடி. நீ வாய் மட்டும் அசைச்சேன்னு சொல்லு."

"அத்ததான்க்கா அவனுங்களும் சொன்னானுங்க," என்றாள்.

மறுநாள் போய்ச் சொன்னாள். நாகபூஷணம் நம்பவில்லை. "அபத்தம் செப்பொத்து, பொய் சொல்லாத" என்று மேஜையைத் தட்டினார். பொய் சொல்கிறவளைத் தனக்குத் தெரியும் என்றார். தம்பியையும் பெட்டியையும் கொண்டு வா, என் கண் முன்னால் ஆடட்டும் என்றார். அடுத்த நாள் கிஷோர் லீவு போட்டுவிட்டு வந்தான். மேனேஜர் ரூமில் கண்காணிப்புக் கேமரா ஓடும் டிவியில் பெட்டியை மாட்டினார்கள். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் ஜன்னலில் கூடிவிட்டார்கள்.

முந்தின நாள் ராத்திரி அவள் அவனுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருந்தாள். பாவம் கிஷோர், கோட்டை வாசல் பாலத்தில் வருகிற முதல் எலும்பு மனிதனிடமே செத்தான். மறுபடியும் அதே எலும்பு மனிதனிடம் செத்தான். ஸ்ரீதேவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். உருளு என்று சொல்ல அவள் வாய் துடித்தது எனக்குத் தெரிந்தது. நாகபூஷணம் சிரித்துவிட்டு, ரிமோட்டை அவன் கையிலிருந்து வாங்கி இவளிடம் நீட்டினார். இன்னொரு கையில் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"இப்ப நீ ஆடு."

அவள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். எலும்பு மனிதன் நடந்து வந்தான். அவன் கத்தியைத் தூக்கினான், ஒரு மூச்சு நின்றான். அவள் எத்தனையோ முறை உருண்டு தப்பித்த இடம் அது. எனக்கே என் கை தானாக அசைந்தது. அவள் வலது கையைப் பட்டனிலிருந்து எடுத்து, பக்கத்தில் நாற்காலிமேல் வைத்துவிட்டாள். இடது கைக் கட்டைவிரலையும் எடுத்துவிட்டாள். கத்தி இறங்கியது. அவன் இன்னொரு முறை தூக்கினான், அவள் அசையவில்லை. மூன்றாம் வெட்டில் திரை சிவந்தது.

ஜன்னலில் ஒருவன் விசில் அடித்தான். "அடச்சீ, இவளும் இல்ல, அவனும் இல்ல. எவனோ ஆடனத போட்டு ஊரையே ஏமாத்திக்கினு இருந்துக்கிறாங்க," என்றான் இன்னொருத்தன். நாகபூஷணம் தலையில் அடித்துக்கொண்டார்.

"சரேலே, சரி, போய் லேபிளே ஒட்டு. இந்த மோசம் எல்லாம் இனிமே வாணாம்."

கை தப்பித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் சாயங்காலம் வேலை விடுவதற்குள் அவர் பிடித்த படம் அதே குரூப்பில் வந்துவிட்டது. அங்கிருந்து யாரோ எடுத்து அவள் வீடியோக்களின் கீழே போட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டவர்கள் முதல்முறையைவிடக் கேவலமாக எழுதினார்கள். நகரிக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஊரை ஏமாற்றுகிற பெண் வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை வரவே இல்லை.

படம் பிடித்த அன்று சாயங்காலம் பாலசமுத்திரம் பஸ்ஸில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். திட்டி எழுதியதையெல்லாம் அவள் போனில் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, அந்த எலும்புக்காரன்கிட்ட நான் இதுவரிக்கும் இப்டி வேணும்னே செத்ததே இல்ல. செத்தா இன்னா ஆவுதுன்னு நெனச்சி பாக்காமயே மார்க் போட்டுட்டேன்."

"இன்னா ஆச்சி?"

"அதே எடத்துல எழுப்பி வுட்டுடுதுக்கா. கை, கால், பலம், எல்லாம் மொதல்ல இருந்தா மாதிரியே. ஒன்னுமே நடக்காத மாதிரி. அது நாயமில்லக்கா. சண்டைக்கு ஒம்போது தப்பு. எட்டரதான் போட்டிருக்கணும்."

"வீடியோவுல மாத்தி சொல்லிடேன்டி," என்றேன், வாய் தவறி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஆடனேன்னு யார்க்கா நம்புவாங்க? நீ மட்டும் எட்டரன்னு ஞாபகம் வெச்சிக்க."